றிவேர்ஸில் பார்த்த ஊர்

நாங்கள் எல்லோரும் பிரான்ஸுக்குப் போனவர்கள்தான். ஒஸ்லோவில் ஹவுகன்ஸ்டுவா மாடிவீடுகளில் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கி வளர்ந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பள்ளி மூடின மறுவாரமே வான் வண்டிக்குள் அரிசி மூட்டை, றைஸ் குக்கர், பாய், தலையணை எல்லாம் ஏறிவிடும். கப்பலில் டென்மார்க், பிறகு ஜெர்மனியில் யாராவது ஒரு மாமா வீடு, பிறகு பாரிஸ். பாரிஸ் என்றால் ஆறாம் மாடியில் ஒரு சித்தப்பா வீடு, எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் சேலைக் கடை, ஒரு பின்னேரம் ஐஃபல் கோபுரத்துக்குக் கீழே நின்று ஒரு படம். திரும்பி வந்து வகுப்பில் பிரான்ஸ் போனேன் என்று கட்டுரை எழுதுவோம். ஆனால் பிரான்ஸைப் பார்த்தவர்கள் எங்களில் எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம்.

நான் உயர்த்துவேன். எனக்கு அதைக் காட்டியவர் என் அம்மா. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற இந்தக் காலத்திலும், அந்த ஒரு கோடையை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். இவள் பெருமையடிக்கிறாள் என்பீர்கள். ஓம், அதற்குத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

ஒஸ்லோவுக்கு வருமுன் நாங்கள் பாட்ஸ்பியோர்டில் இருந்தோம். நாட்டின் வடக்கு முனையில், மருந்துக்கும் ஒரு மரம் இல்லாத மீன்பிடி ஊர். அப்பாவும் அம்மாவும் மீன் தொழிற்சாலையில் வேலை. தோல் உரித்த மீன் துண்டுகள் வரிசையாக வரும். மேசையின் கீழிருந்து வெளிச்சம் அடிக்கும். அந்த வெளிச்சத்தில் தெரிகிற புழுவையும் முள்ளையும் கத்தி நுனியால் எடுக்க வேண்டும். மயிரளவு முள்ளும் அம்மாவின் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

பள்ளி விட்டதும் நான் தொழிற்சாலையின் இடைவேளை அறையில் போய் இருப்பேன். ஈர றப்பர் சப்பாத்தும் கோப்பியும் எலுமிச்சம்பழமும் சேர்ந்த ஒரு மணம் அங்கே எப்போதும் இருக்கும். எலுமிச்சம்பழம், கைகளில் மீன் வாடை போகத் தேய்ப்பதற்கு. சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. எங்கள் மீனை வாங்குகிற பிரெஞ்சுக் கம்பனி ஒன்று அனுப்பினது. மாதத்துக்கு ஒரு படம், எல்லாம் பிரான்ஸ் நாட்டுப்புறத்தின் பழைய ஊர்கள். எழுநூறு எண்ணூறு வருடத்துக் கல் வீடுகள், கோட்டை வாசல்கள், ஒடுக்கமான படிகள்.

அம்மாவின் ஊர் ஜூலைப் பக்கத்தில் இருந்தது. குன்றில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிப் போகிற வீடுகள். கல்லின் நிறம் வெளிறின பனங்கட்டி. உச்சியில் ஒரு கோயில் கோபுரம், அடியில் ஆறு, ஆற்றில் தனியாக ஒரு வள்ளம். படத்துக்குக் கீழே ஊரின் பெயரும் இருந்தது. அதை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் எல்லோரும் றைஸ் குக்கரோடு அங்கே போய் இறங்கிவிடுவீர்கள்.

குளிர்காலத்தில் இரண்டு மாதம் அங்கே சூரியன் எட்டிப் பார்க்காது. அந்த நாட்களில் அம்மா கலண்டரை ஜூலைக்குத் திருப்பி விடுவார். மேற்பார்வை பார்க்கிற போர்மன் வந்து திகதி பார்க்க வேண்டுமென்று ஜனவரிக்குத் திருப்புவார். அடுத்த இடைவேளையில் மறுபடியும் ஜூலை. கடைசியில் அந்த மனிதர் களைத்துப்போய்த் தனக்கென்று வேறொரு கலண்டர் கொண்டுவந்து மாட்டினார்.

"உங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம் அம்மா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போகோணும்," என்றார்.

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. நாற்பது வயதுக்குப் பிறகு, கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று வார இறுதியெல்லாம் மண்டபம் மண்டபமாக அலைந்தபோது நன்றாக விளங்கியது.

வாகனம் ஓட்டவும் அம்மா அங்கேதான் பழகினார். பனி கொட்டுகிற காலத்தில் வேலையாட்களை ஏற்றி இறக்கத் தொழிற்சாலை வானுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆண்கள் ஆளுக்கொரு சாட்டுச் சொன்னார்கள். அம்மா கையை உயர்த்தினார். போர்மன் துறைமுக மேடையில் மீன் பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கி, வானுக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு சாண் விட்டு, பின்னால் எடு என்பார். பெட்டிக்கு அந்தப் பக்கம் கடல். பக்கத்தில் இருந்து அவர் சொன்னது ஒரே ஒரு சொல்: "சக்தே." மெதுவாக. அம்மா முதல் சோதனையிலேயே லைசென்ஸ் எடுத்தார்.

அப்பாவின் கதை வேறு. ஒஸ்லோவுக்கு வந்தபின் மூன்று முறை பெயில். பக்கத்து நகரமான திராமனில் வீதிகள் அகலம் என்று யாரோ சொல்ல, அங்கே போயும் ஒருமுறை பெயில் விட்டார். ஐந்தாவது முறை, நான் சொல்லும் கோடைக்கு முந்தின வசந்தத்தில், ஒரு மாதிரிப் பாஸாகினார். நேராகப் போகிற வீதியில் அப்பா நல்ல ஓட்டுநர். றிவேர்ஸ் என்றால் மட்டும் நெற்றியில் வியர்க்கும்.

அந்தக் கோடையில் எனக்குப் பன்னிரண்டு வயது. பழைய நீல வானில் மூன்று பேரும் புறப்பட்டோம். பாட்ஸ்பியோர்டை விட்டு வந்த நாளில் போர்மன் கிழித்துக் கொடுத்த ஜூலைப் பக்கம் நாலாக மடிந்து அம்மாவின் செபப்புத்தகத்துக்குள் இருந்தது. ஒஸ்லோவில் இருந்து ஓட்டியது அம்மா. ஜீன்ஸ், கட்டைக் கைச் சட்டை, காலில் ஒன்றும் இல்லை. வெறுங்காலால்தான் பெடல் விளங்கும் என்பார். பக்கத்தில் அப்பா செபமாலையும் கையுமாக இருந்தார். நான் பின்னால் இருந்து வரைபடம் பார்த்து வழி சொன்னேன்.

பாரிஸுக்கு வெளியே ஒரு பெற்றோல் செட்டில் வான் நின்றது. அம்மா கழிப்பறைக்குப் போய்ச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். வந்து அப்பாவின் இருக்கையில் ஏறினார். அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

"ஏன் மாறுறியள்?" என்றேன்.

"ஆக்கள் பாப்பினம்," என்றார் அப்பா, முன்னால் பார்த்தபடியே. "சித்தப்பா வீட்டிலை இதைக் கதைக்காதை."

சித்தப்பா அப்பாவின் தம்பி. நல்ல மனிதர்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். வாசலில் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அண்ணை, இவ்வளவு தூரமும் தனிய ஓட்டி வந்திட்டியள். அண்ணிக்கென்ன, நல்லா நித்திரை கொண்டிருப்பா," என்றார். அம்மா சிரித்தார். இரவுச் சாப்பாட்டில் சித்தப்பாவின் சோற்றுக் கோப்பையில் இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தார். அப்பாவின் மேல் அன்றைக்கு வந்த கோபத்தை நான் முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன்.

மறுநாள் திட்டம் போட்டார்கள். லூர்து மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை. வெள்ளி காலை இரண்டு வாகனத்தில் புறப்பட்டு, வழியில் ஒரு விடுதியில் தங்கி, சனி பின்னேரம் போய்ச் சேர்வது. பெருந்தெருவில் ஒரே ஓட்டம் என்றார் சித்தப்பா. அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"வழியிலை ஒரு ஊர் இருக்கு. அங்கை ஒருக்கா இறங்கோணும்," என்றார்.

"ஊரிலை என்ன அண்ணி இருக்கு? கல்லும் மாடும். கிராமம் வேண்டாமெண்டுதானே நாங்கள் வெளிக்கிட்டு வந்தனாங்கள்."

"அங்கை ஒரு கோயில் இருக்கு. நேர்த்தி வைச்சனான்."

சித்தி, அதாவது சித்தப்பாவின் மனைவி, உடனே நெற்றியில் சிலுவை போட்டார். உங்களுக்குத் தெரியும், நேர்த்தி என்று சொன்னால் எங்கள் ஆட்கள் ரயிலையும் நிறுத்துவார்கள். என்ன நேர்த்தி என்று சித்தி மெல்லக் கேட்டார். சொல்லக் கூடாது என்றார் அம்மா. அது நேர்த்தி இல்லை, கலண்டர் என்று அந்த வீட்டில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பாவுக்குக்கூட அம்மா சொல்லவில்லை. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம், அதற்கு மேல் நிற்க முடியாது என்று சித்தப்பா கணக்காகச் சொன்னார். அம்மாவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இனி எந்தக் கோடையில் எங்களால் இப்படிப் புறப்பட முடியும் என்று தெரியாது.

சித்தப்பாவின் சின்னக் கார் முன்னால் போனது. அதனால் எங்கள் வானை அப்பாவே ஓட்ட வேண்டியதாயிற்று. பக்கத்தில் அம்மா சேலையோடு அடக்கமாக இருந்தார். ஆனால் அவருடைய வலது கால் சும்மா இருக்கவில்லை. வளைவு வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை பெருந்தெருவை விட்டு இறங்கினதும் நாடே மாறிப் போனது. சூரியகாந்தித் தோட்டங்கள், வரிசையாக நட்ட வால்நட் மரங்கள், திடீரென்று ஒரு குன்று, குன்றின்மேல் ஒரு ஊர். முதல் ஊரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். நடுச் சதுக்கத்தில், தடித்த மரத் தூண்களின்மேல் ஓட்டுக் கூரை போட்ட பழைய சந்தைக் கொட்டகை. அதன் நிழலில் துவாயை விரித்துப் புட்டும் பொரித்த மீனும் சாப்பிட்டோம். ஒரு மூலையில் அந்தக் காலத்தில் தானியம் அளந்த பாத்திரங்களை வைத்திருந்தார்கள். அம்மா எழும்பிப் போய் ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"இது எங்கடை கொத்து மாதிரித்தான். கொஞ்சம் கூடப் பிடிக்கும்," என்று என்னிடம் சொன்னார். சித்தப்பா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஊரில் நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வரும், வேறென்னவோவும் வரும். பெரியவர்களுக்குத் தேத்தண்ணீர் வேண்டும் என்று இறங்கினோம். நேரம் ஒரு மணி இருக்கும். ஒரு ஆளைக் காணவில்லை. எல்லா வீட்டு யன்னல்களும் மரப் பலகையால் அடைத்துக் கிடந்தன. பேக்கரி பூட்டு, தபால் கந்தோர் பூட்டு, கோயிலும் பூட்டு. ஒரு நாய் மட்டும் நடுத்தெருவில் கிடந்தது. நடக்க நடக்கப் பெரியவர்களின் கதை குறைந்து போனது.

"எல்லாரும் வெளிக்கிட்டுட்டினம் போலை," என்றார் சித்தி, இரகசியமாக.

"ஓம். ஆக்கள் இல்லாத ஊர்," என்றார் அப்பா. சித்தப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு, கெதியாய் வாருங்கோ, இஞ்சை நிக்க வேண்டாம் என்றார்.

நாலு பேரும் எங்கள் நாட்டில் ஒரு தீவில் பிறந்தவர்கள். அங்கே அவர்களின் தெருக்கள், சண்டையால் ஆட்கள் வெளிக்கிட்டபின், அந்த வருடங்களில் அப்படித்தான் கிடந்தன. பூட்டின யன்னலைக் கண்டால் அவர்களின் புத்தி வேறு எங்கும் போகாது. அந்த நேரம் ஒரு யன்னலுக்குப் பின்னால் இருந்து உள்ளிப்பூண்டு பொரிகிற மணம் வந்தது. பிறகு கோப்பைச் சத்தம், யாரோ ஒரு பெண்ணின் சிரிப்பு. ஊர் முழுவதும் வெயிலுக்கு யன்னலைச் சாத்திவிட்டு ஆறுதலாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அம்மாதான் முதலில் சிரித்தார். அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பெயர் சொல்லாத ஊருக்கு இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆற்றோரமாக வந்த வீதி, ஒரு கல் வளைவு வாசலுக்கு முன்னால் முடிந்தது. வாசலுக்கு நேர் எதிரே ஆற்றின்மேல் ஒரு பாலம். அம்மா கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்து மேலே பார்த்தார். மதிலும் மரமும்தான் தெரிந்தன, கோபுரம் தெரியவில்லை. உள்ளே போனால் தெரியும் என்று நினைத்தோம். படம் எடுத்தவன் எங்கே நின்றிருப்பான் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

வாகனத்தை வெளியே விட்டுவிட்டு நடந்து போயிருக்க வேண்டும். ஆனால் கோயில் வாசல்வரை வாகனத்தில் போய் இறங்காவிட்டால் எங்கள் ஆட்களுக்கு மனம் ஆறாது. சித்தப்பா யன்னலால் கையை வெளியே விட்டு, பின்னால் வாருங்கோ என்று காட்டிவிட்டு வளைவுக்குள் நுழைந்தார். அவருடைய சின்னக் கார் வழுக்கிக்கொண்டு மேலே போய் மறைந்தது. அப்பா பின்தொடர்ந்தார்.

ஒழுங்கை ஏற ஏற ஒடுங்கியது. முதலில் இரண்டு பக்கமும் ஒரு முழம் இருந்தது, பிறகு ஒரு சாண், பிறகு கை வைக்க இடமில்லை. ஒரு வளைவில் வலப்பக்கச் சுவர் கீரென்று கத்தியது. அப்பா பிரேக்கை அடித்தார். எஞ்சின் நின்றது. முன் கதவுகள் இரண்டையும் திறக்க முடியாது, சுவர் பிடித்துக்கொண்டிருந்தது.

சாத்திக் கிடந்த யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஏப்ரன் கட்டின ஒரு மனிதர் வாசலுக்கு வந்தார். பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாளியோடு ஒரு அம்மாள் வந்தார். மேலே இருந்து சித்தப்பா நடந்து வந்து வானுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்பா றிவேர்ஸ் போட்டார். வான் ஒரு அடி பின்னால் போய் மறுபக்கச் சுவரைத் தேடியது. மறுபடியும் நிறுத்தினார். அவருடைய கழுத்தில் வியர்வை ஓடுவதைப் பின்னால் இருந்து பார்த்தேன். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

"அண்ணை, எப்பிடியாவது இறங்குங்கோ. நான் எடுக்கிறன்," என்றார் சித்தப்பா. முன் கதவால் இறங்க வழி இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மா செபப்புத்தகத்தை மடியில் இருந்து எடுத்து முன்னால் வைத்தார். செருப்பைக் கழற்றினார்.

"இஞ்சருங்கோ, நீங்கள் பின்னுக்குப் போங்கோ," என்றார்.

"ஆக்கள் பாக்கினம்," என்றார் அப்பா. அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"பாக்கட்டும்."

அப்பா இரண்டு இருக்கைக்கும் இடையால், றைஸ் குக்கருக்கு மேலால், என் பக்கத்துக்குத் தவழ்ந்து வந்தார். அம்மா சேலையை முழங்கால்வரை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் நகர்ந்தார். யன்னலால் கையை விட்டு ஒரு பக்கக் கண்ணாடியை மடித்தார். அப்பா எட்டி மற்றதை மடித்தார்.

"பிள்ளை, பின் கதவாலை இறங்கு. ரெண்டு கையையும் தூக்கி எவ்வளவு இடம் இருக்கெண்டு காட்டு. சுவரைப் பாத்துக்கொண்டு நிக்காதை, என்னைப் பார்."

இறங்கினேன். உள்கண்ணாடியில் அம்மாவின் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. மீன் மேசையில் முள் தேடின அதே கண். முன்னால் இருந்து சித்தப்பா, அண்ணி, வேண்டாம், சொன்னாக் கேளுங்கோ என்று ஏதோ சத்தம் போட்டார்.

"தம்பி, விலத்துங்கோ," என்றார் அம்மா.

வான் அசைந்தது. நான் கைகளை உயர்த்தி, உள்ளங்கைகளுக்கு இடையில் எஞ்சியிருக்கிற இடத்தைக் காட்டிக்கொண்டே பின்னால் பின்னால் நடந்தேன். அம்மாவின் உதடு அசைவது தெரிந்தது. சக்தே, சக்தே. ஏப்ரன் கட்டினவர் நிலைமையை விளங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் போய், வாசற்படிகளில் இருந்த பூச்சாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார். வாளிக்கார அம்மாளும் சேர்ந்துகொண்டார். வான் கடந்து போனதும் யாரோ அவற்றைத் திரும்ப எடுத்து வைத்தார்கள். ஒழுங்கை முழுவதும் ஜெரேனியப் பூ வாசமும் சூடான எஞ்சின் வாசமும் வந்தன.

வளைவு வாசலில் ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் மூன்று. அம்மா ஒருமுறையும் நிறுத்தவில்லை. வெளியே வந்தபோது ஆற்றோர வீதியில் வைக்கோல் ஏற்றின ஒரு ட்ராக்டர் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, அப்படியே றிவேர்ஸில் நேராகப் பாலத்தில் ஏறி, பாலத்தைக் கடந்து, அந்தக் கரையில் ஒரு வால்நட் மரத்தடியில் நிறுத்தினார்.

நான் பாலத்தால் ஓடிப் போய் முன் இருக்கையில் ஏறினேன். அம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அம்மா," என்றேன். "ஜூலை."

பின்னால் வந்ததால் வானின் முகம் ஊரைப் பார்த்து நின்றது. கண்ணாடி நிறைய அது இருந்தது. அடியில் ஆறு, படிப்படியாக ஏறிப் போகிற பனங்கட்டி வீடுகள், உச்சியில் கோபுரம். அம்மா செபப்புத்தகத்தில் இருந்து பக்கத்தை எடுத்து விரித்துக் கண்ணாடியில் பிடித்தார். இடம் ஒரு அடி பிசகாமல் அதேதான். வள்ளம் மட்டும் இல்லை. படத்தில் இல்லாத ஒன்று இருந்தது, யாரோ ஒருவரின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காய்ந்தன. அம்மா அழவில்லை. மீன் துண்டைப் பார்ப்பது போல, யன்னல் யன்னலாகப் பார்த்தார்.

சித்தப்பாவும் சித்தியும் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தார்கள். சித்தப்பா கொஞ்ச நேரம் வானைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"நேர்த்திக் கோயில் எது அண்ணி?" என்று கேட்டார் சித்தி.

"நேர்த்தி ஒண்டும் இல்லை," என்றார் அம்மா. "பொய் சொன்னனான். எனக்கு இதைப் பாக்கோணும் போலை இருந்தது. அவ்வளவுதான்."

சித்தப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா வானைச் சுற்றி நடந்து போய், முன் இருக்கையில் இருந்த என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, தன் தம்பி பார்த்துக்கொண்டிருக்கவே அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"தம்பி," என்றார். "ஒஸ்லோவிலை இருந்து இவதான் ஓட்டி வந்தவ. உங்கடை வீட்டு றோட்டு மட்டும்தான் நான். இனி லூர்துக்கும் இவதான் ஓட்டுவா." பிறகு அம்மாவிடம், "ஆறுதலாப் பாரும். நேரம் இருக்கு," என்றார்.

சித்தப்பா மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒன்றரை மணித்தியாலமும் அங்கேயே இருந்தோம். லூர்தில் அம்மா இரண்டு மெழுகுதிரி கொளுத்தினார். ஒன்று நன்றிக்கு, மற்றது பொய்க்கு என்றார். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டாராம், ஆனால் வருத்தப்படவில்லையாம்.

அந்த ஜூலைப் பக்கம் இப்போது இல்லை. வானின் வெயில் மறைப்பில் செருகியிருந்தது, வானோடு இரும்புக் கடைக்குப் போய்விட்டது. நான்தான் அதை நினைத்துக் கவலைப்பட்டேன். "பாத்திட்டன்தானே," என்றார் அம்மா.

போன மாதம் அம்மாவுக்கு எண்பது. இந்த நாட்டில் அந்த வயதில் வாகனம் ஓட்ட வைத்தியரின் சான்று வேண்டும். அப்பா போய் மூன்று வருடம். கடை, கோயில், தோழிகள் வீடு எல்லாவற்றுக்கும் தன் காரில்தான் அம்மா போய்வருகிறார். சான்று இல்லை என்றால் அந்தக் கால்கள் கட்டப்பட்டுவிடும். காத்திருக்கும் அறையில் அவர் கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். பேச்சை மாற்ற, பாரிஸில் அப்பா வெட்கப்பட்டு இருக்கை மாறினதைச் சொன்னேன்.

"அப்பா கேக்கேல்லை," என்றார் அம்மா. "நான்தான் மாறச் சொன்னனான். நாலு தரம் பெயில் விட்டதைச் சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சவர். அவையளுக்கு முன்னாலை அப்பாவைக் குறைச்சுக் காட்ட எனக்கு மனமில்லை."

முப்பது வருடக் கோபம் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்தே இல்லாமல் போனது. வால்நட் மரத்தடியில் அப்பா எதை விட்டுக்கொடுத்தார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. அவரை நினைத்தும் இப்போது நெஞ்சு நிமிர்கிறது. கொஞ்சம் பிந்தித்தான்.

வைத்தியர் காது பார்த்தார், மணிக்கூடு வரையச் சொன்னார், எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். அம்மா கடைசி வரியை வாசித்துவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தார். வைத்தியர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தால், அம்மாவின் காரை இரண்டு பக்கமும் நெருக்கி யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

"நான் எடுக்கிறன் அம்மா," என்றேன்.

அம்மா கார்த் திறப்பைத் தா என்று கையை நீட்டினார். செருப்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுச் சரிந்து ஏறினார். நான் பின்னால் போய் நின்று, பன்னிரண்டு வயதில் நின்றது போல, இரண்டு கையையும் உயர்த்தினேன். தேவை இல்லை என்று எனக்குத் தெரியும். கார் ஒரே சீராகப் பின்னால் வந்தது. வைத்தியசாலை வாசலில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா யன்னலை இறக்கினார்.

"கையை இறக்கு பிள்ளை. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்," என்றேன்.